தரவுத்தளத்திற் காலம்: ஊவாத் தோட்டப் பதிவேடுகள் வாயிலாக ஒரு விளக்கம்

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களிற் காலையிலே பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவதும், கணக்கப்பிள்ளை அவர்களைக் கொழுந்து மலைக்கும் கவ்வாத்து மலைக்கும் பிரித்து அனுப்புவதும், அன்றைய வேலை செக்றோலில் ஏறுவதும் நூறாண்டுக்கு மேலாக நிலவிய வழக்கமாகும். செக்றோல் என்பது சம்பளம் போடுவதற்கென எழுந்த ஏடு. இன்னார் இந்த மாதம் இத்தனை நாள் வேலைசெய்தார் என்பதற்கு மேல் அவ்வேட்டிடம் எவரும் எதனையும் வினவப்போவதில்லை என்றே அதனை வகுத்தோர் கருதியிருத்தல் வேண்டும்.

ஆயின் வினவும் காலம் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவெம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தபொழுது, தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் ஈங்குப் பிறந்தனர் என்பதையோ காட்ட இயலாத தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும்; இடையிற் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் நாட்டை விட்டுச் சென்றிருப்பின் வதிவு அறுந்ததாகும். ஆகவே 1951 இல் விண்ணப்பத்தாளுடன் நின்ற ஒரு தொழிலாளியிடம் கேட்கப்பட்டது 'நீர் எங்கே இருக்கின்றீர்?' என்பதன்று; '1939 இல் எங்கே இருந்தீர்? அன்று தொட்டு இன்றுவரை எங்கெங்கே இருந்தீர்?' என்பதாகும். சம்பளத்திற்கு எழுதிய ஏடு வரலாற்றுக்குச் சான்று கூறுமாறு அழைக்கப்பட்டது. விண்ணப்பித்தோருள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவரே அச்சட்டத்தின் கீழ்ப் பிரசாவுரிமை பெற்றனர். அதற்கு அரசியலே முதற் காரணமெனினும், சென்ற காலத்தை எண்பிக்கும் ஏடு கைக்கு எட்டாமையும் ஒரு காரணமாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

இக்காலத்திற் கணினித் தரவுத்தளங்களை வகுப்போர் எதிர்கொள்ளும் ஒரு பெருஞ் சிக்கலும் இதுவேயாம். தரவு மாறுகின்றது, மாறுமுன் அது யாதாக இருந்தது என்பதை எங்ஙனம் காத்து வைப்பது?

தொடர்புநிலைத் தரவுத்தளம் எனப்படுவது, ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராயிருந்த எட்கர் கொட் என்பார் 1970 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலிருந்து வளர்ந்த அமைப்பாகும். தரவுகள் யாவும் அட்டவணைகளாக வைக்கப்படும். ஒவ்வொரு நிரையும் ஓர் உண்மையைக் கூறும். ஒவ்வொரு நிரலும் அவ்வுண்மையின் ஒரு கூற்றைத் தரும். ஒரு நிரையை மற்றொன்றினின்றும் பிரித்தறிய முதன்மைச் சாவி என்னும் அடையாளம் இருக்கும். அட்டவணைகள் காலந்தோறும் மாறுவன என்பதைக் கொட் அறிந்தே எழுதினார். எனினும், மாறியபின் பழைய நிரை எங்கே போகும் என்பது அக்கட்டுரையின் பொருளாக இருக்கவில்லை. அவ்வழி எழுந்த அமைப்புகளில் ஒரு நிரையைப் புதுப்பிக்குமாறு கட்டளையிட்டால், பழைய மதிப்பு நீங்கிப் புதியது அவ்விடத்தில் அமரும். கரும்பலகையில் அழித்து எழுதுவது போன்றதே இது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தோட்டத்தின் அட்டவணையில் 417 என்னும் செக்றோல் இலக்கமுடைய தொழிலாளி ஒருவர் கீழ்க்கணக்கில் வேலைசெய்வதாக ஒரு நிரை உண்டு எனக் கொள்வோம். 1942 யூன் முதலாந் தேதி அவர் மேற்கணக்குக்கு மாற்றப்படுகின்றார். எழுதுவினைஞர் 'கீழ்க்கணக்கு' என்பதை நீக்கி 'மேற்கணக்கு' எனப் பதிகின்றார். அன்றைய சம்பளத்திற்கு அது போதும். பின்னொரு நாள், '1940 இல் 417 எங்கிருந்தார்?' என்று ஒருவர் வினவின், அட்டவணை 'மேற்கணக்கு' என்றே விடை கூறும். அட்டவணை மறந்துவிட்டது என்று கூறுதல் போதாது. மறந்தவன் 'நினைவில்லை' என்பான். அவனால் விளையுங் கேடு சிறிது. அட்டவணையோ உறுதியான குரலிற் பிழையான விடையைத் தருகின்றது. கேட்பவர் அதனை ஐயுறுவதற்கு ஏதுவும் இல்லை.

இக்குறையை நீக்கும் வழிகளுள் எளியது, மாற்றங்களை மட்டும் எழுதிவைக்கும் வேறோர் அட்டவணையை அமைத்தலாகும். முதல் அட்டவணையில் எந்த நிரை மாறினும், தரவுத்தளம் தானாகவே பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் மாற்றியவர் பெயரையும் மாற்றிய நேரத்தையும் இரண்டாம் அட்டவணையிற் குறித்துவிடும். குற்றம் யாருடையது என்று அறிய இது மிகவும் உதவும். எனினும், 1940 ஆம் ஆண்டின் நிலையை அறிய வேண்டுமாயின், இன்றைய நிலையிலிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அவிழ்த்துச் செல்லுதல் வேண்டும். ஆயிரம் பேருக்கு அவ்வாறு செய்வது எளிதன்று.

வரலாறற்ற எண் எத்துணைக் கொடியது என்பதைத் தோட்டத் தொழிலாளர் கணினிக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். துண்டு முறை எனப் பெயர்பெற்ற வழக்கில், ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் தோட்டம் மாறுவதற்குத் துரையிடம் ஒரு துண்டு பெறுவர். இன்ன தொகை செலுத்தப்படின் இவர்கள் விடுவிக்கப்படுவர் என அது கூறும். துண்டில் நின்றது கடனின் மொத்தத் தொகை. அத்தொகையுள் அரிசிக்கு எவ்வளவு, கம்பளிக்கு எவ்வளவு, கடல் கடந்து வந்த வழிச்செலவுக்கு எவ்வளவு, இறந்தவர் பெயரில் இருந்து இருப்பவர் தலையில் ஏறியது எவ்வளவு என்பதை அது கூறாது. கடைசி மதிப்பு ஒன்றே எஞ்சிய அட்டவணை அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது.

இரண்டாவது வழி இதனினும் ஆழமானது. நிரையை அழித்து எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நிரைக்கும் 'முதல்', 'வரை' என்னும் இரு நிரல்களைச் சேர்ப்பர். 417 கீழ்க்கணக்கில் 1938 மார்ச் 1 முதல் 1942 யூன் 1 வரை; மேற்கணக்கில் 1942 யூன் 1 முதல். முதல் நிரை அழிக்கப்படவில்லை, முடிக்கப்பட்டது. ஈண்டு 'வரை' என்பதிற் குறித்த நாள் அக்காலப்பகுதியிற் சேராது என்று கொள்வது வழக்கம். மே 31 என்று எழுதினால் ஆகாதோ எனின், ஆகும். ஆயினும் அடுத்தடுத்த இரு பகுதிகள் இடைவெளியின்றித் தொடுகின்றனவா என அறிய நாட்காட்டியைப் பார்த்து ஒன்றைக் கூட்ட வேண்டிவரும். ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் ஒரே நாளாக இருப்பின் ஒப்பிட்டாலே போதும். இன்னும் முடியாத நிரைக்கு 9999 டிசெம்பர் 31 என்று எழுதுவோரும் உளர். வெறுமையாக விடுவோரும் உளர்.

இங்ஙனம் அமைத்தபின் தரவுத்தளம் தானே காவல்செய்ய வேண்டியன இரண்டு. ஒன்று, ஒருவரின் இரு காலப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று கவிதல் கூடாது. 417 ஒரே நாளில் இரு கணக்குகளில் இருந்தார் எனின் யாதோ ஒன்று பிழை. மற்றது இடைவெளி. இடைவெளி பிழையாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். கலியாணத்திற்கோ, தாயின் ஈமக்கடனுக்கோ இராமநாதபுரத்துக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ போய்த் திரும்பியவரின் நிரைகளுக்கிடையே இடைவெளி இருக்கும். அது பதினொரு மாதமா, பதின்மூன்று மாதமா என்பதிலே ஒரு குடும்பத்தின் நாடு தங்கியிருந்தது. ஆகவே இடைவெளியைத் தரவுத்தளம் தானே நிரப்புதல் கூடாது. அதனை உள்ளவாறே காட்டுதல் வேண்டும்.

கவிதலைத் தடுப்பது சொல்வது போல் எளிதாக இருக்கவில்லை. முதன்மைச் சாவி ஒருமுறையே வரலாம் என்பது கொட்டின் விதி. இப்பொழுதோ 417 பல நிரைகளில் வருகின்றது. சாவி என்பது இலக்கமும் காலப்பகுதியும் சேர்ந்த ஒன்றாதல் வேண்டும். எஸ்.கியூ.எல். என்னும் வினவு மொழியின் 2011 ஆம் ஆண்டு நியமமே காலப்பகுதி என்னும் கருத்தை முறையாக ஏற்றது. போஸ்கிரெஸ் என்னும் தரவுத்தளம் தன் 18 ஆம் பதிப்பில், 2025 இல், கவியாத காலப்பகுதிகளைச் சாவியிற் சேர்க்க இடமளித்தது. கட்டுரை எழுந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் இதனைச் செய்தோருட் பலர் தத்தம் கையாற் காவற்கட்டளைகளை எழுதியே செய்தனர். பலர் எழுதாமலும் விட்டனர்.

இதுவரை கூறியது ஒரு காலம் பற்றியது. உண்மையிற் காலம் இரண்டு. ஒரு செய்தி உலகில் எப்பொழுது மெய்யாக இருந்தது என்பது ஒன்று; அதனை ஏடு எப்பொழுது அறிந்துகொண்டது என்பது மற்றொன்று. முன்னதை மெய்ம்மைக் காலம் என்றும் பின்னதைப் பதிவுக் காலம் என்றும் வழங்கலாம். ரிச்சர்ட் சினொட்கிராஸ், இல்சூ ஆன் என்னும் ஆய்வாளர் இருவர் 1985 இல் இப்பாகுபாட்டைத் தெளிவுபடுத்தினர்.

இவ்வேறுபாட்டை உணர்த்த, ஊவாவில் நிகழ்ந்த ஒரு துயரமே போதும். 2014 ஒக்டோபர் 29 ஆந் தேதி காலை, கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. காணாமற் போனோர் தொகை முதலிற் பல நூறு எனப் பேசப்பட்டது; பின்னர் நாளுக்கு நாள் குறைந்து வந்தது. வேலைக்குச் சென்றிருந்தவரும் பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகளும் உயிருடன் இருப்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. மண்ணுள் இருந்தோர் தொகை அந்தக் காலைக்குப் பின் மாறவேயில்லை. மாறியது அதுபற்றிய அறிவு. மெய்ம்மைக் காலம் ஒன்றே. பதிவுக் காலங்கள் பல. முதல் நாட் பட்டியலை அழித்து இறுதிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால், மீட்புப் பணியாளர் எந்த அறிவோடு முதல் நாளில் மண்ணை அகழ்ந்தனர் என்பது ஒருபோதும் புலப்படாது. இறுதிப் பட்டியலை விட்டு முதற் பட்டியலை நம்பினாலோ, உயிரோடிருப்பவர் இறந்தவராவர். இரண்டும் வேண்டும், இரண்டும் தத்தம் நாளுடன் வேண்டும்.

மீண்டும் 417 பற்றி நோக்குவோம். அவர் 1938 இல் வந்தவர். எனினும் 1951 இல் இருந்த ஏட்டில் அவர் வருகை 1941 எனத் தவறுதலாக ஏறியிருந்தது என்று கொள்க. அவ்வேட்டை நம்பிய உத்தியோகத்தர், ஏழாண்டு நிரம்பவில்லை என்று 1952 இல் விண்ணப்பத்தை மறுக்கின்றார். 1953 இல் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய செக்றோல் வெளிப்படுகின்றது. ஏடு 1938 எனத் திருத்தப்படுகின்றது. மெய்ம்மைக் காலத்தை மட்டும் காக்கும் அட்டவணையில் இப்பொழுது 1938 என்றிருக்கும். அதைப் பார்ப்பவர், 'ஏட்டில் 1938 என்றிருக்க இவ்வுத்தியோகத்தர் ஏன் மறுத்தார்?' என்று அவர்மேற் பழி சுமத்துவர். பதிவுக் காலத்தை மட்டும் காப்பதோ, 1941 என்பது 1938 என ஆயிற்று என்று கூறும். அத்தொழிலாளி அந்நாட்களில் எங்கிருந்தார் என்பதை நேரே கூறாது. இரு காலமும் காக்கும் அட்டவணையில் '1938 இல் வந்தார் என்பதை ஏடு 1953 இல் அறிந்தது. அதுவரை 1941 என்றே அறிந்திருந்தது' என்னும் முழு வாக்கியமும் நிற்கும். உரிமை தொழிலாளிக்கு, பழி எழுத்துப்பிழைக்கு. யாருக்கு எது உரியது என்பதைப் பிரித்துத் தருவது இந்த இரண்டாவது காலமே.

பதிவுக் காலத்தை மனிதர் கையில் விடுதல் கூடாது என்பது முக்கியமான விதி. மெய்ம்மைக் காலத்தைச் சான்று கண்டு எழுதுவினைஞர் பதிவார். அதிற் பிழை வரலாம், திருத்தலாம். பதிவுக் காலத்தைத் தரவுத்தளமே தன் மணிக்கூட்டைப் பார்த்து இடும். எவரும் அதனை முன்தேதியிட இயலாது. பதுளையில் வைக்கப்பட்டிருக்கும் பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டை அரசாணைப் பதிவு எனக் கொண்டால், அதுவும் இவ்வகையினதே. கல்லில் வெட்டியதைப் புதுப்பிக்க இயலாது; புதிய ஆணைக்குப் புதிய கல்லே நாட்டல் வேண்டும். டி.பி.2, எஸ்.கியூ.எல். சேர்வர், மரியா டி.பி. முதலிய தரவுத்தளங்கள் 2010 முதல் 2018 வரையான ஆண்டுகளில் இவ்வசதியைத் தம்முள்ளே அமைத்துக்கொண்டன. அட்டவணையை வகுக்கும்போதே கேட்டுக்கொண்டால், பழைய நிரைகளை அவை தாமே ஒதுக்கிக் காக்கும். 'இன்ன நாளில் இருந்தவாறு காட்டு' என்றால் காட்டும்.

இவையெல்லாம் அமைந்தும், சாவி நிலையற்றதாயின் வரலாறு சிதறிப்போம். செக்றோல் இலக்கம் ஒருவர் விலகியபின் மற்றொருவருக்கு வழங்கப்படின், 417 என்பதன் வரலாறு இரு மனிதரின் வரலாறாகக் குழம்பும். பெயரைச் சாவியாக்குவதும் பயனின்று. மாரியாயி என்னும் ஒரு பெயர் ஆங்கில எழுத்தில் எத்தனை வடிவெடுக்கும் என்பதைத் தோட்ட மாணவரின் பிறப்புச் சான்றிதழ்களைக் கையாண்ட ஆசிரியர் நன்கறிவர். தேசிய அடையாள அட்டையின் பழைய எண் பிறிதொரு பாடத்தைத் தருகின்றது. அதில் ஒன்பது இலக்கங்களின் ஈற்றில் ஓர் எழுத்து நிற்கும். வாக்குரிமை உடையார்க்குப் பொதுவாக 'வீ', இல்லார்க்கு 'எக்ஸ்'. வாக்குரிமை என்பது மாறக்கூடியது. 1988 ஆம் ஆண்டின் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் சட்டமும் நாடற்றவராய் இருந்தோரைப் பிரசைகளாக்கின. மாறக்கூடிய ஒரு நிலையை மாறக்கூடாத அடையாளத்துள் வைத்துத் தைப்பது நல்ல அமைப்பாகாது. 2016 முதல் வழங்கும் பன்னிரண்டு இலக்க எண்ணில் அவ்வெழுத்து இல்லை. அடையாளம் எதனையும் பேசாதிருப்பதே நன்று. பேச வேண்டியவை நிரல்களில், தத்தம் காலத்துடன் நிற்கட்டும்.

ஆட்கள் மட்டுமல்லர், இடங்களும் மாறுவன. பிபிலையும் வெல்லவாயாவும் 1953 குடிசன மதிப்பின்போது பதுளை மாவட்டத்தில் இருந்தன. 1963 குடிசன மதிப்பில் மொனராகலை தனி மாவட்டமாக நின்றது. ஊர் நகரவில்லை, எல்லை நகர்ந்தது. 1953 இல் வெல்லவாயாவிற் பிறந்தவரின் பதிவில் 'பதுளை' என்றிருப்பது பிழையன்று. அதனை 'மொனராகலை' என்று திருத்த முயலும் ஆர்வமுள்ள எழுதுவினைஞர் ஒரு மெய்யைப் பொய்யாக்குகின்றார். மாவட்டங்களின் அட்டவணைக்கும் 'முதல்', 'வரை' வேண்டும். இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும்போது பிறந்த நாள் எந்தக் காலப்பகுதியுள் விழுகின்றது என்று பார்த்தே இணைத்தல் வேண்டும். பதுளை மாவட்டத்துச் சனத்தொகை அவ்விரு ஆண்டுகளிலும் எவ்வாறு வேறுபட்டது என்று கணக்கிடும் மாணவர் இதனைக் கவனியாராயின், ஒருவரும் இறவாமலும் ஒருவரும் குடிபெயராமலும் ஒரு பெருங்கூட்டம் மறைந்துபோகக் காண்பர். தோட்ட உடைமையும் இத்தகையதே. 1975 இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, பின்னர் அரச அமைப்புகள் இரண்டின் கீழ் நடந்து, 1992 முதற் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. ஒரு தொழிலாளியின் சேவைக்காலத்தைக் கணக்கிட முற்படுவோர், அவர் அசையாதிருந்த அதே மலையில் முதலாளி எத்தனை முறை மாறினார் என்பதையும் காலத்துடன் அறிதல் வேண்டும்.

1964 ஒக்டோபர் 30 இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேர் எனக் கணிக்கப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என்றும் அது கூறிற்று. 1974 இல் அவ்வெஞ்சியோர் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். கூட்டல் கழித்தல் சரியாக இருந்தது. எந்த நிரை எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாதிருந்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமோ தொகைகளைப் பேசவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசாவுரிமைக்கு உரியர் என்றது. தரவுத்தள மொழியிற் கூறின், இதுவும் ஒரு காலப்பகுதி வினவே. 1949 ஆம் ஆண்டின் சட்டம் கேட்ட அதே வகை வினா. அன்று பலரை வெளியே நிறுத்திய வினா இன்று உள்ளே அழைக்கின்றது. ஏட்டுக்கு இவ்விரண்டனுள் எது தன்னிடம் வரும் என்று முன்னரே தெரியாது.

காத்துவைத்த பழைய நிரையை யார் பார்க்கலாம் என்பது இன்னுந் தீராத வினா. பாட்டனார் ஒருகால் நாடற்றவராக இருந்தார் என்பது பேரனின் பாடசாலை அனுமதிக்குத் தேவையற்றது. அவ்வனுமதியை வழங்குவோர் திரையில் அது தோன்றவும் வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சில நிலைகளிற் தம் தரவை அழிக்குமாறு கோரும் உரிமையையும் குறிப்பிடுகின்றது. ஆகவே அழியாது காத்தலும் காட்டாது மறைத்தலும் வெவ்வேறு தொழில்கள் எனக் கொண்டு, இன்றைய நிலையைக் காட்டும் பார்வையை ஒரு சாராருக்கும், வரலாற்றைக் காட்டும் பார்வையைச் சான்று தேடிவரும் உரியவருக்கும் அவர் அனுமதித்தவருக்கும் எனத் தரவுத்தளம் பிரித்து வைத்தல் இயலும்.

பழைய செக்றோல்களைக் கணினியில் ஏற்ற முற்படுவோர் முதல் நாளிலேயே ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கும். 1938 ஆம் ஆண்டின் தாளை இன்று பதியும்போது மெய்ம்மைக் காலம் 1938. பதிவுக் காலம் இன்றைய நாள். தாளிற் கறை படிந்து தேதி புலப்படாத இடத்தில், ஊகித்த தேதியை எழுதுவதிலும் அந்நிரலை வெறுமையாக விட்டு, தாளின் நிழற்படத்தை அந்நிரையோடு சேர்த்து வைப்பதே தக்கது. வருங்காலத்தில் வேறு தாள் கிடைக்கலாம். அன்று அதன் நாளோடு புதியதொரு நிரை ஏறும்.